ஹவாயில் எந்த லூவாவுக்குப் போவது? குடும்பமாகச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஹவாய்த் தீவுகளில் மாலை வேளையில் திறந்தவெளியில் நடக்கும், விருந்தும் ஆடல்பாடலும் சேர்ந்த நிகழ்ச்சிதான் லூவாவ். குடும்பச் சுற்றுலாவில் ஒரே மாலைக்கு அதிகப் பணம் போவது பெரும்பாலும் இதற்காகத்தான். கட்டணத்தைச் செலுத்திய பிறகு நாளை மாற்றுவதும் எளிதன்று.

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தத் தேர்வைச் செய்து கொடுத்து வருவதில் நான் கண்டது ஒன்று உண்டு. அநேகமாக எல்லாரும் "எது சிறந்தது?" என்று தேடத் தொடங்கி, ஒரு பெயரில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டு, அது தாங்கள் தங்கும் தீவில் இல்லை என்பதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். நிகழ்ச்சி நன்றாக இருந்தும் மாலை கெட்டுப்போவதற்குத் தூரம், நாள், சாப்பாடு, உட்காரும் இடம் ஆகிய நான்கில் ஒன்றே காரணமாக இருக்கிறது. ஆகவே கீழே தந்துள்ள வரிசையிலேயே முடிவுகளை எடுங்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கான பட்டியலைச் சுருக்கித் தரும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

தங்கும் விடுதியின் முகவரி, விமானம் வந்து சேரும் நாளும் திரும்பும் நேரமும், குழந்தைகளின் வயது, சாப்பிடக்கூடாதவை, முழங்கால் வலி அல்லது சக்கர நாற்காலித் தேவை உள்ளவர்கள் யார், மொத்தமாக எவ்வளவு செலவிடலாம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தையின் வயதை இன்றைய கணக்கில் எழுதாமல், நிகழ்ச்சி நடக்கும் நாளில் என்னவாக இருக்குமோ அதை எழுத வேண்டும். இலவச வயது ஓரிடத்தில் ஒன்றாகவும் மற்றோரிடத்தில் வேறொன்றாகவும் இருக்கும். பதின்மூன்றைத் தொட்ட பிள்ளைக்குப் பெரியவர் கட்டணமே கேட்கும் இடங்களும் உண்டு.

2. முதலில் தீவு, பிறகு தீவின் பக்கம்

ஓவாஹு, மௌயி, காவாயி, பெரிய தீவு என்று அழைக்கப்படும் ஹவாய்த் தீவு ஆகிய நான்கிலும் லூவாவ்கள் நடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விமானத்தில்தான் போக வேண்டும். ஒரு மாலைக்காகத் தீவு மாறுவது பொருளற்றது என்பதால், நீங்கள் தங்காத தீவுகளின் பெயர்களை இப்போதே அடித்துவிடுங்கள்.

ஓவாஹுவில் பெரும்பாலானோர் வைக்கீக்கியில் தங்குகிறார்கள். ஆனால் பெரிய லூவாவ்கள் பல அங்கிருந்து தொலைவில் இருக்கின்றன. மேற்கே கோ ஒலினா, கபொலெய் பக்கத்தில் டிஸ்னியின் ஔலானி விடுதி நடத்துவதும், ஜெர்மேன்ஸ் லூவாவும் உள்ளன. அங்கே போகும் எச்-1 நெடுஞ்சாலை, அலுவலகம் விட்டு வீடு திரும்புவோரால் பிற்பகல் மூன்று மணிக்கே நிரம்பத் தொடங்கும். வரைபடத்தில் காலையில் பார்த்த நாற்பது நிமிடம் மாலையில் ஒன்றரை மணி நேரமாக நீளக்கூடும். ஆகவே தூரத்தைப் பார்க்கும்போது, போகப்போகிற அதே கிழமை, அதே நேரத்தை இட்டுப் பார்க்க வேண்டும்.

வடக்கே லாயே என்ற ஊரில் 1963 இல் திறக்கப்பட்ட பாலினேசியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. வைக்கீக்கியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். ஹவாய், சமோவா, டோங்கா, ஃபிஜி, தாஹிதி, ஆவோதெயாரோவா (நியூசிலாந்து) ஆகியவற்றின் மாதிரிக் கிராமங்களைப் பிற்பகல் முழுவதும் சுற்றிவிட்டு, விருந்துண்டு, இரவுக் காட்சியையும் பார்க்கும்படி அமைந்திருப்பதால், அங்கே போவதென்றால் அந்த நாள் முழுவதும் அதற்கே போய்விடும். மாலைக்கு மட்டும் அங்கே போவது பணத்துக்கு நட்டம். கார் இல்லாதவர்கள் பேருந்துப் பயணமும் சேர்ந்த சீட்டை வாங்குவது நல்லது. அவ்வளவு தொலைவிலிருந்து இரவில் திரும்புவதற்கு வாடகைக் காரை நம்பியிருக்கக் கூடாது. காரே வேண்டாம் என்போர், வைக்கீக்கி கடற்கரையிலேயே ராயல் ஹவாயன் விடுதியில் நடப்பதைப் பார்க்கலாம்.

மௌயியில் தெற்கே வைலேயா, மேற்கே லஹைனா, காஅனபாலி என்று இரண்டு கூட்டங்களாக இவை அமைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கடலோரமாகப் போகும் சாலையில் ஒரு விபத்து நடந்தாலே போக்குவரத்து நின்றுவிடும் என்பதால், தங்குவது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலேயே தேடுவது புத்திசாலித்தனம். 2023 ஆகஸ்ட் தீயில் லஹைனா நகரின் பெரும்பகுதி எரிந்துபோனது; ஆனால் ஓல்ட் லஹைனா லூவாவின் வளாகம் தப்பியது, 2024 இல் நிகழ்ச்சிகள் மீண்டும் தொடங்கின. தீக்கு முன் எழுதப்பட்ட பட்டியல்களில் உள்ள மற்ற இடங்கள் இப்போதும் நடக்கின்றனவா என்பதை நேரே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெரிய தீவில் கிட்டத்தட்ட எல்லாமே மேற்குக் கரையில், கோனாவுக்கும் வைகொலோவாவுக்கும் இடைப்பட்ட நீளத்தில் இருக்கின்றன. எரிமலைப் பூங்காவுக்காகக் கிழக்கே ஹிலோவில் தங்குவோர், கோனாவுக்கு இடம் மாறும் நாள்களில் லூவாவை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் இரவில் மலைகளுக்கு நடுவே இருட்டுச் சாலையில் நெடுந்தூரம் ஓட்ட நேரிடும். காவாயி சிறிய தீவு. வைலுவாவிலுள்ள ஸ்மித் குடும்பத் தோட்டமும், லிஹுவே அருகே கிலோஹானா தோட்டத்தில் நடக்கும் லூவாவ் கலமாக்குவும் தீவின் நடுவாந்தரமாக அமைந்திருப்பதால், தூரம் அங்கே பெரிய கேள்வியாக இருப்பதில்லை.

3. எந்த நாள்?

லூவாவ் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடந்து, இரவு எட்டு எட்டரைக்கு முடியும். அமெரிக்கப் பெருநிலப்பரப்பின் கிழக்குக் கரையிலிருந்து வருவோருக்குக் கோடையில் ஆறு மணி நேர வேறுபாடு உண்டு. அதாவது, எரியும் கத்தியைச் சுழற்றும் தீக்கத்தி ஆட்டக்காரர் மேடைக்கு வரும் இரவு எட்டு மணி, நியூஜெர்சியிலிருந்து முந்தின நாள் வந்த குழந்தையின் உடலுக்கு அதிகாலை இரண்டு மணி. மேற்குக் கரையிலிருந்து வருவோருக்கு வேறுபாடு கோடையில் மூன்று மணி, குளிர்காலத்தில் இரண்டு மணி என்பதால் சமாளிக்கலாம்.

இந்தியாவிலிருந்து நேரே வருவோருக்கு நிலைமை தலைகீழ். ஹவாயில் மாலை ஐந்து மணி ஆகும்போது சென்னையில் மறுநாள் காலை எட்டரை. அவர்கள் பகலில் தூங்கி வழிந்துவிட்டு மாலையில் விழித்துக்கொள்வார்கள். வந்து இறங்கிய தாத்தா பாட்டியை மறுநாள் காலை மலையேற்றத்துக்கு இழுப்பதைவிட லூவாவுக்குக் கூட்டிப்போவது அவர்களுக்கு இதமாக இருக்கும்.

பொதுவாக மூன்றாவது அல்லது நான்காவது நாள் பொருத்தமானது. கடைசி மாலையை ஒதுக்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. மழையினாலோ காய்ச்சலினாலோ அன்று தவறினால் மாற்றிக்கொள்ள வேறு நாள் இராது; இரவு விமானம் பிடிக்க வேண்டியவர்களோ பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்கும்.

நாளைக் குறிக்குமுன், அந்த நிகழ்ச்சி எந்தக் கிழமைகளில் நடக்கிறது என்று பாருங்கள். விடுதிகளின் லூவாவ்கள் பல வாரத்தில் சில நாள்கள் மட்டுமே நடக்கும். லாயே மையம் இயேசு கிறிஸ்துவின் பிற்காலப் பரிசுத்தவான்கள் சபைக்குச் சொந்தமானது, ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.

சூரியன் மறையும் நேரமும் கணக்கில் சேரும். நவம்பர் இறுதியில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், ஜூலைத் தொடக்கத்தில் ஏழே காலுக்கும் சூரியன் மறைகிறது. குளிர்காலத்தில் ஆட்டம் முழுவதும் இருளில் நடக்கும். கோடையில் பாதிக்கு மேல் வெளிச்சத்திலேயே போய்விடும். கடலைப் பார்த்த மேற்கு மேடையானால் கோடையில் வெயில் நேரே கண்ணில் விழும்.

மழையைப் பொறுத்தவரை ஒரு பொது விதி உண்டு. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று மலைகளில் மோதுவதால் தீவுகளின் கிழக்கு, வடக்குப் பக்கங்கள் அதிகம் நனைகின்றன. மேற்கும் தெற்கும் வறண்டிருக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை போவதானால், மேற்குப் பக்கத்தையோ கூரையுள்ள அரங்கையோ தேர்ந்தெடுங்கள். தூறலுக்கெல்லாம் நிகழ்ச்சியை நிறுத்த மாட்டார்கள், பணமும் திரும்பாது.

4. சாப்பாட்டுக் கேள்வியை இப்போதே கேட்டுவிடுங்கள்

நம் குடும்பங்களில் மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் படிதான் தீர்ப்புச் சொல்கிறது; ஆனால் இதைத்தான் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

லூவாவின் நடுநாயகம் காலுவா பன்றி. தரையில் தோண்டிய இமு என்னும் குழியில் கற்களைச் சூடாக்கி, வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, பன்றியை வைத்து, மேலே ஈரச்சாக்கும் மண்ணும் மூடிப் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். அதை வெளியே எடுப்பதே ஒரு சடங்காகப் பல இடங்களில் காட்டப்படுகிறது. மண்வெட்டியால் மேல்மண்ணைத் தள்ளி, சாக்கை விலக்கியதும் புகை கலந்த நீராவி எழும். இரண்டு பேர் கம்பிவலையோடு பன்றியை முழுதாகத் தூக்குவார்கள். சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது எதிர்பாராத காட்சி என்பதால், முன்கூட்டியே சொல்லி வைப்பதோ, அந்த நேரத்தில் வேறு பக்கம் அழைத்துப்போவதோ உங்கள் விருப்பம்.

சைவ உணவுக்காரர்களுக்குப் பஃபே மேசையில் சில பொறிகள் இருக்கின்றன. சிக்கன் லாங் ரைஸ் என்பதில் அரிசியே கிடையாது. கோழிச் சாற்றில் வெந்த கண்ணாடி நூடுல்ஸ் அது. லோமி சால்மன், நறுக்கிய தக்காளி வெங்காயமாகத் தோன்றினாலும் அதில் உப்பிட்ட பச்சை மீன் கலந்திருக்கும். லவ்லவ் பச்சை இலைப் பொட்டலமாக இருக்கும். உள்ளே பன்றியும் மீனும். தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை, கீரைக் கூட்டு போலவே கண்ணுக்குத் தெரியும். அதில் பெரும்பாலும் கணவாயோ ஆக்டோபஸோ சேர்த்திருப்பார்கள். மக்ரோனி சாலடில் முட்டை கலந்த மயோனைஸ் உண்டு. மாட்டிறைச்சியைத் தவிர்ப்போர் டெரியாகி இறைச்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தயங்காமல் சாப்பிடக்கூடியவை "போய்" என்னும் கிழங்குக் களி, வேகவைத்த ஊதாச் சர்க்கரைவள்ளி, வெறுஞ்சோறு, அன்னாசி, தேங்காய்ப்பாலில் செய்யும் ஹௌப்பியா என்னும் இனிப்பு ஆகியவை. "போய்" என்பது நம்முடைய சேப்பங்கிழங்கையே வேகவைத்து நீர்விட்டு மசித்த களி. உப்பில்லாமல், லேசான புளிப்போடு இருக்கும். தனியாக ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு முகம் சுளிப்பவர்கள் அநேகர். உப்பான எதனோடும் தொட்டுச் சாப்பிட வேண்டிய பண்டம் அது.

மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இறைச்சி, மீன், முட்டை இல்லாத முழுத் தட்டு ஒன்றைத் தனியாகத் தருவீர்களா? அதில் என்னென்ன இருக்கும்? எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? "சைவ உணவு உண்டா?" என்று மட்டும் கேட்டால் "உண்டு" என்ற பதில் வரும்; போய்ப் பார்த்தால் சாலடும் பழமும் இருக்கும். பதில் எழுத்தில் இருந்தால் வாசலில் காட்டலாம்.

பஃபேயைவிட, மேசைக்கே தட்டாகக் கொண்டுவந்து பரிமாறும் லூவாவ்கள் சைவருக்குப் பெரிதும் ஏற்றவை. ஒரு கரண்டி பல பாத்திரங்களுக்குப் போகும் தொல்லை அங்கே இல்லை. வைலேயாவில் ஆண்டாஸ் விடுதி நடத்தும் மோக்காப்பு விருந்து அத்தகையது. குடும்பத்தில் யாருமே இறைச்சி உண்பதில்லை என்றால், விருந்தில்லாமல் காட்சிக்கு மட்டும் சீட்டு கேட்டுப் பாருங்கள். ஸ்மித் தோட்டம், லாயே மையம் போன்ற சில இடங்களில் அது உண்டு. செலவும் வெகுவாகக் குறையும்.

5. மேடையில் எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?

லூவாவ்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை ஹவாயின் ஹூலா ஆட்டத்தையே மையமாகக் கொண்டது. சுரைக்குடுவை, பறை, ஓதுதல் ஆகியவற்றோடு ஆடும் பழைய பாணியான காஹிக்கோவும், யூக்கலேலி, கிதார் இசைக்கு ஆடும் ஔவானாவும் அதில் அடங்கும். இரண்டாம் வகை பசிபிக் தீவுகள் பலவற்றின் ஆட்டங்களைச் சேர்த்துத் தருவது: தாஹிதியின் விரைவான இடுப்பாட்டம், மாவோரிகளின் ஹாக்கா, இறுதியில் சமோவாவின் தீக்கத்தி.

விளம்பரப் படங்கள் எல்லாவற்றிலும் தீ சுழல்வதால், அது எங்கும் இருக்கும் என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஓல்ட் லஹைனா லூவாவ் ஹவாயின் கதையிலேயே நிற்பது. தீக்கத்தி அங்கே கிடையாது. பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த லூவாவைத்தான். ஆறு வயதுப் பையனை அழைத்துப்போவோருக்கு அதைச் சொல்ல மாட்டேன். கலமாக்கு இன்னொரு விதம். தாஹிதியிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் கதையை வட்ட அரங்கில் நாடகமாக நடத்துகிறார்கள். பரதமும் கூத்தும் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்குக் கதையுள்ள ஆட்டம் பிடிபடுகிறது.

6. உட்காரும் இடம்

சில லூவாவ்களில் மேடைக்கு மிக அருகில் இருப்பது தரையில் பாய் அல்லது மெத்தையிட்ட தாழ்ந்த மேசை வரிசை. குழந்தைகளுக்கு அது கொண்டாட்டம். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு மூன்று மணி நேரத் தண்டனை. "பாரம்பரிய இருக்கை" என்று எழுதியிருந்தால் தரை என்று எடுத்துக்கொண்டு, நாற்காலி உண்டா என்று கேளுங்கள். சக்கர நாற்காலி வருமானால், தரை புல்லா, மணலா, கல் பாவியதா என்பதையும், கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதையும் கேட்க வேண்டும்.

உயர்விலைச் சீட்டில் கிடைப்பது பொதுவாக முன் வரிசை, முதலில் சாப்பாடு எடுக்கும் உரிமை, கழுத்தில் அணிவிக்கும் சற்று நல்ல மாலை ஆகியவை. நானூறு பேர் வரிசையில் நிற்கும் பஃபேயில், பசித்த பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு இரண்டாவது சலுகை காசுக்குத் தகும். வட்ட அரங்கிலும் சிறிய தோட்ட அரங்கிலும் எல்லா இருக்கையும் பார்வைக்குப் போதுமானது. அங்கே கூடுதல் பணம் வேண்டாம். மேசைகள் நீளமானவை என்பதால், இரண்டு குடும்பங்களாகப் போவோர் ஒரே பதிவில் சீட்டு எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் சேர்ந்து உட்கார இடம் கிடைக்காமல் போகலாம்.

7. மொத்தச் செலவைக் கணக்கிடுதல்

விளம்பரத்தில் உள்ள விலை இறுதி விலையன்று. அதன்மேல் 4.712 சதவீதம் வரை வரி, சேவைக் கட்டணம், விடுதியில் கார் நிறுத்தும் காசு ஆகியவை ஏறும். கணக்குக்காக, பெரியவர் நால்வருக்குத் தலைக்கு 170 டாலர், குழந்தைக்கு 110 டாலர் என்று வைத்துக்கொண்டால் 790 டாலர் ஆகிறது. வரியும் 18 சதவீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்தால் 970 டாலரை நெருங்குகிறது. எல்லா இடத்தின் இறுதித் தொகையையும் பணம் செலுத்தும் பக்கம் வரை போய்ப் பார்த்து, அப்போதுதான் ஒப்பிட வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் மது அந்த விலைக்குள்ளேயே அடக்கம். குடிக்காத குடும்பமும் அதற்குச் சேர்த்தே கொடுக்கிறது. லாயே மையத்தில் மது கிடையாது.

8. முன்பதிவு

கிறிஸ்துமஸ், மார்ச் விடுமுறை, ஜூன், ஜூலை ஆகிய காலங்களுக்கு விமானச் சீட்டு எடுத்த கையோடு பதிவு செய்துவிடுங்கள். மற்ற மாதங்களில் சில வாரங்கள் முன்னதாகச் செய்தால் போதும். நடத்துபவர்களின் சொந்தத் தளத்தில் எடுப்பதே நல்லது. நாளை மாற்றவோ சைவத் தட்டைச் சேர்க்கவோ இடையில் இன்னொருவரிடம் கெஞ்ச வேண்டியிருக்காது. எத்தனை மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் பணம் திரும்பும், புயலால் அவர்களே நிறுத்தினால் என்ன செய்வார்கள் என்ற இரண்டையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சுற்றுலாத் தெருக்களில் பாதி விலைக்கு லூவாவ் சீட்டு என்று பலகை வைத்திருப்பார்கள். அவற்றில் பல, விடுமுறை வீட்டுப் பங்கு விற்கும் கூட்டத்தில் கணவன் மனைவி இருவரும் காலைப்பொழுதைக் கழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. மிச்சமாகும் பணத்தைவிட இழக்கும் கடற்கரைக் காலைப்பொழுது பெரியது என்பது என் கருத்து.

9. அன்றைய மாலை

பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தைகளுக்கு வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். நுழைவு நான்கரை, ஐந்து மணிக்கே இருந்தாலும் விருந்து திறப்பதற்குள் ஆறு ஆகிவிடும். வெளியுணவை உள்ளே விடமாட்டார்கள், கைக்குழந்தை உணவுக்கு மட்டும் பொதுவாகத் தடை இராது.

வாசல் திறக்கும் நேரத்திலேயே போய்ச் சேருங்கள். மாலை கட்டுதல், தேங்காய் உரித்தல், ஈட்டி எறிதல் போன்ற, பிள்ளைகள் கையால் செய்து பார்க்கும் விளையாட்டுகளும், இமுவைத் திறப்பதும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆறு மணிக்கு வருபவர் முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் பாதியைத்தான் பார்க்கிறார்.

மெல்லிய சால்வை, கொசு விரட்டி, தரையில் கழற்ற எளிதான செருப்பு, மழைக்கு ஆளுக்கொரு மெல்லிய மேலுறை ஆகியவை போதும். குடையை விரித்தால் பின்னாலிருப்பவருக்கு மறைக்கும். மது அருந்துவோர் 21 வயதைக் காட்டும் அடையாள அட்டையைக் கொண்டுவர வேண்டும். காரை ஓட்டப்போவது யார் என்பதைக் கிளம்புமுன்னே முடிவு செய்யுங்கள். திரும்பும் சாலைகள் பல விளக்கில்லாதவை. நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாக் கார்களும் ஒரே வழியில் நெருக்கும் என்பதால், தூங்கிவிட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இடிபடாமல் கால் மணி நேரம் மேசையிலேயே இருந்துவிட்டுக் கிளம்புவது நல்லது.